சாம்பிராணி போடாத வியாழக்கிழமை

மூச்சைக் கொடுத்தவனுக்கே முதல் நன்றி. சகோதரிகளே, மூச்சு விடுவதே பெரும் வேலையாகிப் போவது எப்படி என்று ஆஸ்துமா வந்தவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகள் பிறந்த பிறகு எனக்கு வந்த நோய் இது. எங்கள் ஊரான டத்தோ கிராமாட்டில் வீட்டு மாடிப்படி ஏறவே சுவரைப் பிடித்துக்கொள்வேன். குர்ஆனில் யாசீன் அத்தியாயம் ஓத உட்கார்ந்தால் பாதியிலேயே குரல் நின்றுவிடும். அல்லாஹ்வைக் கூப்பிடக்கூட மூச்சில்லையே என்று அழுதிருக்கிறேன்.

டாக்டர் இரண்டு பம்ப் கொடுத்திருந்தார். இழுப்பு வரும்போது அடிக்க நீலப் பம்ப். தினமும் காலையும் மாலையும் அடிக்க பழுப்புப் பம்ப். நீலம் உடனே கேட்கும். பழுப்பு அடித்தால் ஒன்றுமே தெரியாது. கொஞ்சம் சுகமானதும் அதை மேசையில் போட்டுவிடுவேன். "பம்ப் பழகிட்டா அப்புறம் விட முடியாது லா" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. நானும் நம்பினேன்.

என் கணவரின் தாயார் எங்களோடுதான் இருக்கிறார்கள். மாமி என்று கூப்பிடுவேன். பெற்றவள்கூட என்னை இப்படித் தாங்கியிருக்க மாட்டாள். வியாழக்கிழமைதோறும் அந்தி மஃரிபு தொழுததும் சட்டியில் கரி மூட்டி, சாம்பிராணி போட்டு, யாசீன் ஓதுவார்கள். என் சுகத்துக்காகக் கண்ணீரோடு துஆ கேட்பார்கள். பிறகு புகையை இரண்டு கையாலும் அள்ளி என் முகத்தில் காட்டுவார்கள்.

"நல்லா இழுத்துக்கம்மா. நோவெல்லாம் பறந்துடும் லா."

நானும் இழுத்துக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கிளம்பும். விடிந்தால் வெள்ளிக்கிழமை. என் கணவர் துணிக்கடையைத் திறக்காமல் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். முகத்தில் மூடி போட்டு மூச்சு மருந்துக் கேஸ் வைப்பார்கள். சரியாகி வருவேன். அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை.

புகைதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? மாமிக்கு அது புகையில்லை, துஆ. வேண்டாம் என்று முகத்தைத் திருப்ப எனக்கு மனசே வரவில்லை. "யா அல்லாஹ், என்னால் சொல்ல முடியாது, நீயே சொல்லிவிடு" என்று நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் கிடந்து கேட்பேன். வேறு வழி தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நீலப் பம்பும் கேட்கவில்லை. நகமெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. காரில் கலிமா சொல்லத் தொடங்கினேன், முடிக்க மூச்சில்லை. பிள்ளைகளை இனிப் பார்ப்பேனா என்று பயந்தேன். ஆஸ்பத்திரியில் மாமி என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இளம் பெண் டாக்டர் கணினியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் அக்கா, எப்பவும் வெள்ளிக்கிழமையே வர்றீங்க? வியாழக்கிழமை வீட்ல என்ன நடக்குது?"

என் முகத்தில் மூடி. வாய் திறக்க முடியாது. மாமிதான் பதில் சொன்னார்கள். "ஓதுவோம்மா. சாம்பிராணி போட்டு, புகைய அள்ளி இவ மூஞ்சில..."

மாமி என் முகத்து மூடியையும் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "ஓதுறத விடாதீங்கம்மா. புகை மட்டும் வேணாம். பழுப்புப் பம்ப சுகமா இருந்தாலும் தினமும் அடிக்கணும், அடிச்சதும் வாய் கொப்பளிக்கணும். அது இழுப்பு வராம காக்குற மருந்து."

மாமியின் மனம் உடைந்துவிட்டதே என்று வீடு வரும்வரை எனக்குப் பதறியது. சமாதானம் சொல்லவும் தெம்பில்லை.

அடுத்த வியாழக்கிழமை மஃரிபு முடிந்தது. நான் அடுப்படியிலேயே நின்றேன். மாமி கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் சட்டியைக் காணோம். ஜன்னல் திறந்திருந்தது. மாமியின் கையில் என் பழுப்புப் பம்ப்.

"புகை இல்லாட்டி துஆ போய்ச் சேராதா என்ன? இத அடிச்சிட்டு, வாய் கொப்பளிச்சிட்டு வா. ஓதலாம்."

அவர்கள் மடியில் முகம் புதைத்து அழுதுவிட்டேன். அன்றும் யாசீனைப் பாதியில்தான் நிறுத்தினேன். மீதியை மாமி ஓதினார்கள். சில மாதங்கள் கழித்துத்தான் முழு யாசீனும் என் வாயால் முடிந்தது.

நோய் போய்விடவில்லை, சகோதரிகளே. நீலப் பம்ப் இன்றும் கைப்பையில்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்ல முடியாமல் தவித்ததை அல்லாஹ் மாமியின் வாயாலேயே சொல்லவைத்தான். நீங்களும் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அவனிடம் கேளுங்கள். மருந்தை மட்டும் பாதியில் விட்டுவிடாதீர்கள். வியாழக்கிழமை ஓத உட்காரும் முன் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.