பொண்டோக்கில் வைத்த அரிசி

மலையேறப் போகலாம் என்று என் மச்சான் சொன்னபோது அவன்மேல்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. வேலை வெட்டி இல்லாமல் எவனாவது மலை ஏறுவானா? அதுவும் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடக்கிற அவசரகாலத்தில்?

மச்சான் என் மனைவியின் தம்பி. மலாக்காவில் நில அளவை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. அவனுடைய வெள்ளைக்காரத் துரை, லீவு கிடைத்தால் தன் ஊருக்குப் போய் மலையில் நடப்பாராம். ஒரு நாள் நடை, ஒரு குடிசையில் தூக்கம், மறுநாள் அடுத்த குடிசை. அந்தப் படங்களை மேசையில் வைத்திருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து இவனுக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது.

"நாலு நாள்தான் மச்சான். லேடாங் மலையில சர்வே ஆளுங்க கட்டுன பொண்டோக் குடிசை மூணு இருக்கு. ஒவ்வொண்ணா தங்கித் தங்கிப் போலாம். வெள்ளைக்காரன் மட்டும்தான் லீவுல நடக்கணுமா லா?"

"அங்க என்னா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதான் லீவு."

எனக்கு அது பதிலாகப் படவில்லை. ஆனால் என் மனைவி, "போயிட்டு வாங்க. எந்நேரமும் மூஞ்சைத் தூக்கி வச்சிக்கிட்டு" என்றாள். போனேன்.

என் மூஞ்சி ஏன் அப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் இந்தியாவில் பிறந்தவன். மூன்று வயதில் கப்பலில் வந்து டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தேன். அவசரகாலம் தொடங்கிய புதிதில் என் அண்ணனைப் பிடித்தார்கள். தொழிற்சங்கத்தில் இருந்தான். அவன் லயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் அரை மூட்டை அரிசி இருந்ததாம். காட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு வைத்தது என்றார்கள். விசாரணை கிடையாது, ஒன்றும் கிடையாது. அடைத்துவைத்து இந்தியாவுக்குக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். காட்டிக்கொடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு எதிரில் வருகிற எல்லோர் மேலும் சந்தேகம்தான். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

மலைக்குப் போனது நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்த பிறகு. நான் தெங்கேராவில் ஒரு லாரிப் பட்டறையில் பிட்டராக இருந்தேன். குடியுரிமைக்கு மனு போட்டிருந்தேன். என் மனைவி இங்கேயே பிறந்தவள், மகளும் அப்படித்தான். என் ஒருவனுக்குத்தான் காகிதம் இல்லை. மனு மேல் போலீஸ் எழுதுகிற குறிப்பு முக்கியம். ஒரு வரி தப்பாக எழுதினால் போதும். அண்ணனை ஏற்றிய மாதிரி என்னையும் ஏற்றிவிட்டு, பெண்டாட்டி பிள்ளையை இங்கே நிறுத்திவிடுவார்கள். இதை நினைக்காமல் நான் ஒரு நாளும் படுத்ததில்லை.

எங்களோடு வந்த மூன்றாவது ஆள் மச்சானின் ஆபீஸ் செயின்மேன். நிலம் அளக்கிற இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு காடு காடாக நடப்பவர். வயது ஐம்பதுக்கு மேல். பென்சனுக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி. ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னாலிருந்தே அந்த மலையில் ஏறி இறங்கியவர். வழி அவருக்குத்தான் தெரியும். அதிகம் பேசமாட்டார். அதிகம் பேசாதவனை நான் நம்புவதில்லை. அதிகம் பேசுகிறவனையும் நம்புவதில்லை, அது வேறு.

அசாஹான் போலீஸ் நிலையத்தில் அனுமதிச் சீட்டைக் காட்டினோம். எங்கள் பக்கம் கம்யூனிஸ்டுத் தொல்லை தீர்ந்ததாக அறிவித்த வெள்ளைப் பகுதி, கட்டுப்பாடெல்லாம் எடுத்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் மலையின் அந்தப் பக்கம் ஜோகூர். அங்கே இன்னும் அரிசிக்குக் காவல் இருந்தது. மலாய்க்கார சார்ஜன் எங்கள் அரிசியைப் பால் டின்னால் அளந்தார். மூன்று பேர், நான்கு நாள், பன்னிரண்டு டின். சார்டின் டின்களை, யாரும் சேர்த்துவைக்க முடியாதபடி, ஒவ்வொன்றாக வாங்கி ஆணியால் ஓட்டை போடப் போனார். கெட்டுப்போகும் என்று மச்சான் கெஞ்சியதால் விட்டார். காலி டின்களைத் திரும்பக் கொண்டுவந்து காட்டவேண்டும் என்றார். "தின்று முடித்துவிட்டு இறங்குங்கள். மேலே யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது" என்று மலாயில் இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். என் மனுவும் இந்த மாதிரி ஒரு மேசையில்தான் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பொண்டோக் அடிவாரத்தில் ஆற்றங்கரையில் இருந்தது. துத்தநாகக் கூரை, பலகைத் தரை, நடுவில் மூன்று கல் அடுப்பு. மச்சான் ஆற்றில் குதித்துக் கத்தினான். நான் கால்களிலிருந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். செயின்மேன் சமைத்தார். சோறு நன்றாக இருந்தது, ஆனால் போதவில்லை.

"என்னாண்ணே, மூணு டின் போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"போட்டதைத்தானே தம்பி தின்னோம்."

இது ஒரு பதிலா?

மறுநாள் காலை புறப்படும்போது, "நீங்க நடங்க, நான் அடுப்பை அணைச்சிட்டு வரேன்" என்றார். ஒரு அடுப்பை அணைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் கழித்து வந்தார். கையில் கரி இல்லை. நான் பார்த்தேன்.

இரண்டாவது பொண்டோக் முதுகெலும்பு மாதிரி நீண்ட ஒரு மேட்டின் மேல். அங்கேயும் சோறு குறைவு. அங்கேயும் காலையில், "நீங்க நடங்க." இந்தத் தடவை நான் கொஞ்ச தூரம் போய், என் கத்தியை விட்டுவிட்டேன் என்று மச்சானிடம் பொய் சொல்லித் திரும்பினேன். வழியில் செயின்மேன் எதிரே வந்தார். "கத்தி" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

உள்ளே போய் எல்லா இடமும் பார்த்தேன். கூரைக் கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. ஒரு பிஸ்கட் டின். மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றியிருந்தது. அதற்கு மேல் ரப்பர் ஷீட் சுற்றிக் கட்டியிருந்தது. பிரித்தேன். ஒரு பால் டின் அளவு அரிசி, துணியில் முடிந்த உப்பு, ஒரு தீப்பெட்டி.

அண்ணனுக்கு அரை மூட்டை. என்னைக் கப்பலேற்ற ஒரு டின் போதும்.

அதைக் கொட்டியிருக்க வேண்டும். வெளியே போய் பள்ளத்தில் கொட்டி, டின்னை நசுக்கி எறிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கை வரவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று வளர்ந்தவன் நான். என் வயதில் தோட்டத்தில் வளர்ந்த எவனும் அரிசியை மண்ணில் கொட்டமாட்டான். திரும்ப மூடி, ஷீட்டைச் சுற்றி, என் பைக்குள் போட்டுக்கொண்டேன். என்னை மாதிரி மடையன் இல்லை.

மூன்றாவது பொண்டோக் உச்சிக்குக் கீழே. மத்தியானமே போய்ச் சேர்ந்துவிட்டோம். மேகம் விலகினால் தூரத்தில் கடல் தெரிந்தது. மச்சான் பாறையில் மல்லாந்து படுத்து, "இதான் லீவு, மச்சான்" என்றான். நான் பையிலிருந்து டின்னை எடுத்துச் செயின்மேன் முன்னால் வைத்தேன்.

"இது யாருக்கு?"

அவர் பயப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

"அட, இதுக்குத்தான் கத்தியைத் தேடினியா?" என்று சிரித்தார். "பின்னால வர்றவனுக்கு, தம்பி. சர்வே ஆளுங்க பழக்கம். பொண்டோக்குல தங்குனா ஒரு டின் அரிசி, உப்பு, நெருப்புக் குச்சி வச்சிட்டுத்தான் போவணும். மழையில மாட்டுனவன் வந்தா ஆக்கித் தின்னுவான். அவன் பங்குக்கு எதையாச்சும் வச்சிட்டுப் போவான். நான் வந்த நாள்லருந்து அப்படித்தான்."

"அப்ப இருந்த காலம் வேற. இப்ப இங்க மழையில மாட்டுறவன் யாரு? சர்வே ஆளா? கடை வச்சிருக்கற தவுக்கே முதலாளியா? துப்பாக்கி வச்சிருக்கறவன்தான் வருவான்!"

"பசியோட வர்றவன்கிட்ட அடையாளக் கார்டு கேக்கச் சொல்றியா?"

மச்சான் எழுந்து உட்கார்ந்தான். "மச்சான், விடு லா. அண்ணே நம்ம ஆபீஸ்ல இருவது வருஷத்துக்கு மேல இருக்காரு. ஆபீஸ்ல கேட்டாலே சொல்வாங்க, இந்தப் பழக்கம் இருக்கு."

"உனக்குத் தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

கேள்விப்பட்டிருக்கிறானாம். நம்பலாமா? இருவரும் பேசி வைத்துக்கொண்டு என்னைக் கூட்டிவந்திருக்கலாம். மாட்டினால் என்னைக் காட்டலாம். அண்ணன் கப்பலேறியவன், தம்பி அரிசி கொண்டுபோனான் என்றால் எந்த மாத்தா நம்பமாட்டான்? போலீஸ்காரனை நாங்கள் மாத்தா என்றுதான் சொல்வோம். அன்று சாயங்காலம் முழுதும் அந்த சார்ஜன் முகம்தான் என் கண்ணில் நின்றது.

"கீழ முதல் பொண்டோக்குல வச்சதையும் எடுத்துடணும்" என்றேன்.

"எடுத்துக்க. வேற யாரும் எடுக்காம இருந்தா" என்றார் செயின்மேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. ஆக்கித் தின்றால் நானும் கூட்டாளி ஆகிவிடுவேன், விட்டுவைத்தால் திரும்ப எங்காவது செருகிவிடுவார் என்று டின்னை மறுபடி என் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன்.

நான்காம் நாள் ஒரே மூச்சில் இறங்கினோம். முதல் பொண்டோக்குக்குள் நான்தான் முதலில் ஓடினேன். கட்டை இடுக்கில் பிஸ்கட் டின் இருந்தது. காலி. துடைத்த மாதிரி காலி. அடுப்புக்குப் பக்கத்தில் முழ நீளத்துக்கு வெட்டிய விறகு, ஒரே அளவாக அடுக்கியிருந்தது. நாங்கள் அங்கிருந்து புறப்பட்டபோது ஒரு குச்சி கூட இல்லை. சுவர் ஆணியில் ஒரு கட்டுப் பெத்தாய், காட்டு மரத்தில் காய்க்கிற நீள அவரைக்காய், தொங்கியது. பச்சை வாடாமல் இருந்தது.

செயின்மேன் பெத்தாயை எடுத்து முகர்ந்து பார்த்தார். "பாத்தியா தம்பி, வந்திருக்கான். சும்மாவா போனான்? வச்சிட்டுல்ல போயிருக்கான்."

"எவன்?"

"எவனோ."

பிரம்பு வெட்டுகிற மலாய்க்காரனாக இருக்கலாம். காட்டு சனங்களாக இருக்கலாம். துப்பாக்கிக்காரனாகவும் இருக்கலாம். அவன் எங்கோ மரத்துக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றே எனக்குத் தோன்றியது. செயின்மேன் பெத்தாயைப் பைக்குள் வைத்தார். வைத்துவிட்டுப் போனதை எடுக்காமல் போனால் மரியாதை இல்லையாம்.

நிலையத்துக்குப் போகும் வழியில் மச்சான் என் தோளைப் பிடித்தான். "ஒண்ணும் பேசாதே மச்சான். காலி டின்னைக் காட்டு, கையெழுத்துப் போடு, பஸ் ஏறு. அவ்வளவுதான்."

"அந்த டின்னு என் பையில இருக்கு லா!"

"தூக்கிப் போடேன்!"

சாலைக்கு வந்துவிட்டோம். நிலையத்து வாசலில் நின்று சார்ஜன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே போட?

பைகளை மேசைமேல் கவிழ்த்தார்கள். சார்டின் டின்களை எண்ணினார்கள், சரியாக இருந்தன. பிறகு ரப்பர் ஷீட் சுற்றிய டின் உருண்டு வந்து விழுந்தது. சார்ஜன் அதைப் பிரித்தார். மெழுகைத் தடவிப் பார்த்தார். தின்பதற்குக் கொண்டுபோன அரிசியை எவனும் மெழுகு ஊற்றி மூடமாட்டான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"யாருடையது?"

செயின்மேன் வாயைத் திறந்தார். அவர் தன்னுடையது என்று சொல்லப்போனாரா, என்னுடையது என்று சொல்லப்போனாரா, எனக்குத் தெரியாது. நான் காத்திருக்கவில்லை.

"அவருடையது, துவான். அவர்தான் வைத்தார். நான் எடுத்துவந்தேன்."

இதோடு நிறுத்தியிருக்கலாம். சார்ஜன் மேலே எதுவும் கேட்கவில்லை. ஆனால் நான் கேட்காததையும் சொன்னேன். கீழே உள்ள பொண்டோக்கிலும் ஒன்று வைத்தார், அதை யாரோ எடுத்துவிட்டார்கள், பதிலுக்கு விறகு வெட்டி வைத்திருக்கிறார்கள், பெத்தாய் இவர் பையில் இருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயர் சுத்தமாக இருக்கவேண்டும் என்ற வெறியில் வாய் நிற்கவில்லை. மச்சான் என்னைப் பார்த்த பார்வையை எழுதப் போவதில்லை.

செயின்மேன் மறுக்கவில்லை. "சர்வே பழக்கம், துவான்" என்று மட்டும் சொன்னார். அவரை உள்ளே உட்காரவைத்தார்கள். எங்களைப் போகச் சொன்னார்கள். சார்ஜன் என் கார்டைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு, "நன்றி" என்றார். ஒரு மாத்தா எனக்கு நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அவரை மூன்று வாரம் வைத்திருந்தார்கள். அளவை ஆபீஸ் துரையே நேரில் போய், இது எங்கள் ஆட்களின் பழைய வழக்கம்தான் என்று சொல்லி வெளியே கொண்டுவந்தாராம். வழக்குப் போடவில்லை. ஆனால் வேலை போய்விட்டது. பென்சனும் போய்விட்டது. மச்சான் என் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். என் மனைவி, தம்பி பக்கமும் பேசவில்லை, என் பக்கமும் பேசவில்லை. எனக்கு அடுத்த வருஷம் குடியுரிமைக் காகிதம் வந்தது. அந்த நன்றியால் வந்ததா, தானாகவே வந்திருக்குமா? யாரும் சொல்லமாட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து தெங்கேராவில் மீன் வாங்கப் போனேன். செயின்மேன் அங்கே நின்றார். திரும்பிப் போக நினைப்பதற்குள் பார்த்துவிட்டார்.

"என்னா தம்பி, காகிதம் வந்திருச்சா?"

"வந்திருச்சிண்ணே."

"நல்லது" என்று சொல்லிவிட்டு மீன்காரனிடம் திரும்பி, "செவுளைத் தூக்கிக் காட்டுப்பா, நேத்து மீனை என் தலையில கட்டாதே" என்றார்.

கேலி செய்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே போனேன்.

"அண்ணே, நான் சொன்னது தப்பு" என்றேன்.

"என்னா தப்பு? நான் வச்சேன். நீ சொன்னே. பொய்யா சொன்னே?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். நாயே என்று திட்டியிருந்தால், நீ மட்டும் யோக்கியமா என்று நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அதற்குக்கூட அந்த மனிதர் வழி வைக்கவில்லை.