ஜேர்மன் கிருபன் அடிக்காமல் விட்ட கோல்

வெறும் கிருபன் என்றால் ஸ்காபரோவில் ஒருவருக்கும் தெரியாது. ஜேர்மன் கிருபன் என்று சொல்ல வேண்டும். ஜேர்மனியில் வளர்ந்து, அங்கே ஒரு சின்ன ஊர் அணியில் பந்தடித்து, இளந்தாரியாக ரொறன்ரோவுக்கு வந்தவர். பெனால்ரி அடிக்க முன் வாய்க்குள் ஜேர்மனில் ஏதோ சொல்லுவார். செபமா தூஷணமா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. பந்து மட்டும் உள்ளே போய்விடும்.

அவர் வந்தபோது எங்கள் கழகத்தின் நிலைமை, எதிரணி கோல்கீப்பர் கதிரை போட்டிருந்து தேத்தண்ணி குடிக்கலாம். கிருபனிடம் பூட்ஸ்கூட இல்லை. மனேஜர் சூசைதாசன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். அது ஒரு வள்ளம். மூன்று சோடி சொக்ஸ் போட்டுக்கொண்டு கிருபன் அடித்த அடியில் வலை கிழிந்து, பந்து ரூஜ் ஆற்றுப் பக்கம் இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது.

ரெக்ஸ்டேல் அணி ஒவ்வொரு வருடமும் அவரைக் கேட்டது. கப்டன் பதவி தருகிறோம், வாசலுக்கு வாகனம் அனுப்புகிறோம் என்றது.

"எனக்குப் பூட்ஸ் தந்தது சூசை அண்ணை," என்பார் கிருபன். அவ்வளவுதான்.

தலைமயிர் போய் வயிறு வண்டி வைத்து, மூத்தோர் அணிக்கு மாறிய பிறகும் அதே பதில், அதே ஒன்பதாம் இலக்கம்.

போன கோடை இறுதியாட்டம், அதே ரெக்ஸ்டேலோடு. எங்களிடம் மாற்று ஆள் இல்லை. இருந்த ஒருவர் மருமகனின் கலியாணத்துக்குப் போய்விட்டார். இடைவேளையில் கிருபன் நெஞ்சைத் தடவினார்.

"உது வாய்வு," என்றார் சூசைதாசன். "மட்டன் ரோல்ஸைத் திண்டுபோட்டு ஓடினா நெஞ்சு என்ன செய்யும்?"

"ஒண்டுதான் அண்ணை சாப்பிட்டனான்."

"ரோல்ஸ் சுட்ட எனக்கெல்லோ கணக்குத் தெரியும்," என்றார் கிருபனின் மனைவி ஜெயமலர். எல்லோரும் சிரித்தோம். இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தோம். எங்கள் சனத்துக்கு நெஞ்சில் எது வந்தாலும் முதலில் வாய்வுதான். யானை ஏறி இருந்தாலும் இஞ்சிதான் கொடுப்போம்.

அவர் திரும்ப ஓடினார். நான் பின்வரிசையில் ஆடியபடி பார்த்தேன். வேர்வை முகத்தில் ஆறாக ஓடியது. இடது கையைத் தூக்கவேயில்லை. கடைசி நேரத்தில் பந்து அவர் காலுக்கு வந்தது. கோல்கீப்பர் விழுந்து கிடந்தான். கோல் வாசல் வெறுமை. என் பாட்டியும் அடிப்பாள்.

கிருபன் அடிக்கவில்லை. பந்தை நிற்பாட்டி, அதன்மேல் குந்தினார்.

"மலர், எனக்குப் பயமாயிருக்கு," என்றார்.

ஆறடி ஆளின் வாயிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் கேட்டதில்லை. சூசைதாசன் ரெஃபரிக்கு முன்னால் உள்ளே ஓடினார். ரெக்ஸ்டேல்காரன் ஒருவன்தான் அம்புலன்ஸுக்குப் போன் அடித்தான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு அணியும் சேறு பூட்ஸோடு ஒரு சுவரோரம் நின்றோம். நான் வாய் திறந்தால் பகிடி வரும். அன்று ஒன்றும் வரவில்லை. சூசைதாசன் தான் சொன்ன 'வாய்வு' என்ற சொல்லையே திரும்பத் திரும்ப முணுமுணுத்தார். இதயக் குழாயில் அடைப்பு, எடுத்துவிட்டோம், பிழைத்துவிட்டார் என்று டொக்டர் வந்து சொன்ன பிறகும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

இந்தக் கோடையில் கிருபன் கோட்டுக்கு வெளியே கதிரையில். நடக்கலாம், ஓடக்கூடாது. ஜெயமலர் ஆட்டம் முழுக்க அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி இருக்கிறார். போன கிழமை பந்து உருண்டு கிருபனின் காலடிக்கே போனது. வலது கால் மெல்ல அசைந்தது.

"இஞ்சருங்கோ," என்று கணவரைக் கூப்பிட்டார் ஜெயமலர்.

கிருபன் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, பந்தை இரண்டு கைகளாலும் எடுத்து, குழந்தையைக் கொடுப்பதுபோல் சூசைதாசனிடம் கொடுத்தார்.

"ஹாண்ட்போல்," என்றேன் நான். சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.