அம்மாவின் குழாயும் அமாவாசைச் சாம்பலும்

நாலாம் வகுப்பிலேயே எனக்கு வாயாடி என்று பெயர். அந்த வாய்க்கு வீட்டில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டதால், தொப்புளுக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி பாண்டி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். தினம் நாலு தடவை அதன் வழியாக ஒரு பை மருந்துநீரை வயிற்றுக்குள் இறக்கி, பழைய நீரை வெளியே எடுக்க வேண்டும். அதை நைனா செய்வார். அம்மாவின் அறைக்குள் நுழைகிறவர்களைச் சோப்புப் போட்டுக் கை கழுவ வைப்பது என் வேலை.

அந்த ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். குழாய் தோலைத் துளைத்து வருகிற இடத்தில் சீழ் பிடித்தால் குழாயையே எடுக்க வேண்டிவரும். சீழ் உள்ளே இறங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. பை மாற்றும்போது ஃபேன் ஓடக்கூடாது, ஜன்னல் திறக்கக்கூடாது. திறந்தால் எங்கள் ஊர்க் கோட்டையிலிருந்து குரங்கும் வந்துவிடும், அது வேறு தொல்லை. தினமும் குளித்தபின் அந்த இடத்தைத் துடைத்து, களிம்பு தடவி, புதுக் கட்டுப் போடுவதை மட்டும் அம்மாவே செய்துகொள்வாள். வேறு எதுவும் அங்கே படக்கூடாது.

நைனாவின் அக்கா, என் அத்தை, மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசைக்குப் போய்விட்டு நேராக எங்கள் வீட்டில் இறங்கினாள். புடவையெல்லாம் புழுதி. வாசலிலேயே மறித்து சோப்பை நீட்டினேன்.

"இன்னாடி, நான் பொறந்த ஊட்ல நொழைய உங்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

திட்டிக்கொண்டே கழுவினாள். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என்னைத் தோட்டப் பக்கம் இழுத்துப்போய், ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் திணித்தாள். "அங்காளம்மா சாம்பல். குழா கிட்ட மூணு நாள் வையி. அப்புறம் குழாயே தேவப்படாது. வயசுக்கு வராத பொண்ணு கைதான் வைக்கணும். யாருகிட்டயும் சொல்லாத, பலிக்காது."

குழாயே தேவைப்படாதாம்! எனக்கு வேறென்ன வேண்டும்? அம்மா பழையபடி என்னை சைக்கிளில் உட்காரவைத்து பள்ளிக்கூடம் கூட்டிப்போவாள் என்று நினைத்தபோதே அழுகை வந்தது.

மறுநாள் மத்தியானம் அம்மா தூங்கினாள். நகக்கண் வரை கை கழுவினேன். முகமூடி கட்டினேன். ஃபேனை நிறுத்தினேன். பிளாஸ்திரியை மெல்லப் பிரித்து, ஒரு சிட்டிகைச் சாம்பலைக் குழாயடியில் வைத்து, பழையபடி ஒட்டினேன். இவ்வளவு சுத்தமாக ஒரு தப்பை யாரும் செய்திருக்க மாட்டார்கள். மூன்று நாளும் அப்படியே செய்தேன்.

நாலாம் நாள் காலையில் அந்த இடம் சிவந்து வீங்கியிருந்தது. ஓரத்தில் சீழ். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நைனா, வயிற்றிலிருந்து வடிந்த நீர்ப் பைக்குப் பின்னால் தினத்தாளைப் பிடித்துப் பார்த்தார். எழுத்து தெரிந்தால் நீர் தெளிவு, சீழ் உள்ளே போகவில்லை, மங்கினால் போய்விட்டது. "தெரியுது," என்றார்.

திண்டிவனம் போய் பஸ் மாறி பாண்டி போகும் வரை நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பலிக்காது என்ற பயம் ஒரு பக்கம், சொல்லாவிட்டால் அம்மா செத்துப்போவாளோ என்ற பயம் ஒரு பக்கம்.

நர்சம்மா கட்டைப் பிரித்தாள். சீழோடு சாம்பல் நிறத்தில் ஏதோ பஞ்சில் ஒட்டி வந்தது. "யாரு இதுல இன்னாத்த வச்சது?"

ஊர் வாயெல்லாம் அடக்குகிற நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"நான்தான் வச்சிக்கினேன் சிஸ்டர். கோயில் சாம்பல்."

நர்சம்மா வார்டே திரும்பிப் பார்க்கும்படி திட்டினாள். படித்துப் படித்துச் சொன்னேனே, உனக்குப் புத்தியில்லையா என்றாள். பத்து நாள் மருந்தில் கேட்காவிட்டால் குழாயை எடுத்துவிட்டு, வாரம் மூன்று தடவை இங்கே ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மிஷினுக்கு வரவேண்டும் என்றாள். அம்மா தலைகுனிந்து எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். அந்தப் பத்து நாளும் நைனா பேப்பரைப் பிடிக்கும்போதெல்லாம், அவரை முந்திக்கொண்டு நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். எழுத்து மங்கவில்லை. சிவப்பு வற்றியது. குழாய் பிழைத்தது.

எனக்காக அம்மா பொய் சொன்னாள் என்று வெகுநாள் உருகிக்கொண்டிருந்தேன். சாம்பல் வைத்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் காலையில் கட்டைப் பிரித்தது அவள்தான் என்பதும், சாம்பலைப் பார்த்தும் துடைக்காமல், யாரையும் கேட்காமல், அதன்மேலேயே புதுக் கட்டை ஒட்டியது அவள் கைதான் என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.