நீர் மாத்திரையை நிறுத்திய அக்கா

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்காவின் வீங்கிய பாதங்களைப் பார்த்ததும் சின்னவளுக்கு ரத்தம் கொதித்தது. விரலால் அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நின்றது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வேறு.

"யாரு உன்னை நீர் மாத்திரையை நிறுத்தச் சொன்னது?"

"நீதான்," என்றாள் அக்கா, மூச்சு வாங்க. "பேப்பர்லயே போட்டிருந்துச்சே. என் தங்கச்சி சொன்னா நான் கேக்க மாட்டேனா?"

ஆய்வுக்கூடத்தில் சின்னவளின் வேலை, மனித ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்பு அணுக்களைப் பிரித்து, உசுப்பிவிட்டு, தட்டுகளில் வளர்ப்பது. நீர் மாத்திரையில் இருக்கும் மருந்தைச் சேர்த்தபோது அணுக்கள் உசுப்பியும் சரியாக விழிக்கவில்லை, பெருகவும் இல்லை. "தட்டில ஊத்தினது உடம்புல சேர்றதைவிடப் பல மடங்கு. இதை வச்சு யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்று நிருபரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவரோ 'எதிர்ப்பு சக்தியைத் தின்னும் நீர் மாத்திரை!' என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் இவள் படத்தையும் போட்டுவிட்டார்.

தையல்காரி அக்காவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் பேப்பரைக் காட்டினாள். பலவீனமான இதயத்தால் உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றத் தினமும் விழுங்கிய மாத்திரையைக் குப்பையில் போட்டாள். தடுத்த அத்தானிடம், "அவளைவிட உங்களுக்குத் தெரியுமோ?" என்று எரிந்து விழுந்தாள்.

மூச்சுக்குத் திணறுகிறவளை என்னவென்று திட்டுவது? சின்னவள் வராந்தாவுக்கு வந்து நிருபரை போனில் பிடித்தாள்.

"நீங்க சொன்னதுதானே மேடம்?"

"பாதியைத்தான் போட்டீங்க!"

"இடம் இல்ல மேடம்."

"என் போட்டோவுக்கு மட்டும் இடம் இருந்துச்சா?"

போன் துண்டிக்கப்பட்டது. மறுநாள் நேரே பத்திரிகை அலுவலகம் போனாள். ஆசிரியர் நாற்காலி காட்டினார், அவள் உட்காரவில்லை. "என் அக்கா ஆஸ்பத்திரியில கிடக்கா. இன்னும் எத்தனை வீட்டுல நிறுத்தினாங்களோ? திருத்தம் போடாம இங்கிருந்து நகர மாட்டேன்."

போட்டார்கள். டெண்டர் விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி.

அதே நீர் மருந்தை நரம்பு வழியாக ஏற்றிய பிறகுதான் அக்காவின் வீக்கம் வடிந்தது. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த நாலு வரியைத் தேடிப் படித்தாள்.

"இத்துனூண்டு எழுத்தை யாருடி படிப்பா?"

"யாரும் படிக்க மாட்டாங்க. அதான் வயிறு எரியுது." தண்ணீரையும் மாத்திரையையும் நீட்டினாள் சின்னவள். "வாயைத் திற."

"இவ்வளவு கோவம் ஆகாதுடி உனக்கு."

"ஆகும். முழுங்கு."

அக்கா மறுபேச்சில்லாமல் முழுங்கினாள்.