நிழல் பக்கத்து ஜன்னல்

மகள் மனிஷா விமான டிக்கெட் போடும்போது, "எந்தப் பக்கம் ஜன்னல் வேணும்மா?" என்று கேட்டாள். ஹனூருக்குப் பஸ்ஸிலேயே போய் வந்த பழக்கத்தில் சுலோசனா யோசிக்கவே இல்லை. "காத்தால போறோம் கண்ணு, வெயில் படாத பக்கமாப் போடு" என்றாள்.

மைசூரிலிருந்து கிளம்பிய விமானம் வடக்கே திரும்பியதும் அவளுக்குத் தன் தப்பு உறைத்தது. சாமுண்டி மலை கிழக்கே, எதிர்ப்பக்க ஜன்னலில் வெயிலோடு நின்றது!

அவள் கணவர் கொத்தனார் மாதப்பனுக்குப் போன வருடமே ஒரு கண் போய்விட்டது. மங்கிவரும் மற்றக் கண்ணுக்கு ஹைதராபாத்தில் ஆபரேஷன். பார்வை தங்குமா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை. "அதுக்குள்ள நம்ம மலையை ஒருக்கா மேல இருந்து பாத்துப்போடறேன் புள்ள" என்று அவர் ஆசைப்பட்டதால்தான் ரயிலை விட்டு விமானம் ஏறினார்கள். அந்த ஒரே ஆசையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டாளே, பாவி!

"ஏனுங்க, நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன்..."

"சும்மா இரு புள்ள." கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு அவர் சிரித்தார். "அந்தா பாரு மலை! கோபுரங்கூடத் தெரியுது. முப்பது வருசத்துல நீ உருப்படியாச் செஞ்சது இதொண்ணுதான்."

சுலோசனா எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் வெறும் வயல்களும் ஓர் ஏரியும்தான் இருந்தன.

எத்தனை நாளாக இந்தக் கண்ணும் போனதை அவளிடம் மறைத்து நடமாடினாரோ!

"தெரியுதல்ல?" என்றார் அவர்.

பொங்கி வந்த அழுகையைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அவள் சொன்னாள்: "நல்லாத் தெரியுதுங்க."