மார்கழிக்கு முன் ஒரு பத்திரம்

எனக்குத் திருமணம் 1988 தை மாதம் நடந்தது. பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள உரிமை மகளுக்கும் உண்டு என்ற தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகள்களுக்கு அது பொருந்தாது. நான் அப்போது ஒரு நாளிதழில் புதிதாகச் சேர்ந்து, செங்கல்பட்டு நீதிமன்றச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தேன். திருத்தத்தைப் பற்றிய செய்திக்கு வக்கீல்களிடம் கருத்துக் கேட்டதும் நான்தான்.

"பதினாலு மாசம் பொறுத்திருக்கக் கூடாதாம்மா? மாப்பிள்ள எங்க ஓடியா போயிருப்பாரு?" என்றார் ஒரு மூத்த வக்கீல். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் நிலம் இருந்தது. ஒரு பாதியில் நெல், மறுபாதியில் சவுக்கு. பிள்ளைகள் நானும் தம்பியும் மட்டும். அப்பா எட்டாவது வரை படித்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் பேப்பரை வரவழைத்து, டெண்டர் விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படித்தார். ஏதாவது புரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் போகும்போது கேட்பார்.

2004 டிசம்பரில் தம்பி போன் செய்தான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பாகப்பிரிவினை செய்துவிடலாம் என்கிறார் என்றான்.

"தை பொறக்கட்டுமேடா, இன்னா அவசரம்?"

"அது வரைக்கும் தாங்காதுக்கா. மார்கழி வந்துட்டா பத்திரம் பதிய மாட்டாங்க நம்ம ஆளுங்க. அதுக்குள்ள முடிச்சுடணும்னு நைனா சொல்றாரு."

எங்கள் பக்கத்தில் மார்கழியில் நிலம் கை மாறாது. வீடு பால் காய்ச்ச மாட்டார்கள், பெண் பார்க்கப் போக மாட்டார்கள். அதனால் அவன் சொன்ன காரணம் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

நிலம் முழுவதும் தம்பிக்கு, ஓட்டு வீடு அப்பாவுக்கு. பத்திரத்தில் எனக்கு இடம் இல்லை, சட்டப்படி எனக்குப் பங்கும் இல்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்ததாக நினைவில்லை. பத்திர எழுத்தர் தட்டச்சு செய்து வைத்திருந்ததை வாங்கி, பழக்கதோஷத்தில் பிழை திருத்தினேன். நான்கு எல்லை விவரத்தில் கிழக்கும் மேற்கும் மாறியிருந்தன. சொன்னதும் எழுத்தர் அந்தப் பக்கத்தை மறுபடி அடித்தார்.

சாட்சிக் கையெழுத்துக்கு இருவர் வேண்டும். ஒருவர் பக்கத்து நிலத்துக்காரர். அப்பா என்னைப் பார்த்து, "இன்னொண்ணு நீயே போடும்மா. நம்ம வூட்டு விஷயம், வெளியாளு எதுக்கு?" என்றார். போட்டேன். அலுவலக அடையாள அட்டையின் நகலையும் கொடுத்தேன். பிறகு மூன்று பேரும் ஓட்டலில் பூரி சாப்பிட்டோம். அப்பா நன்றாகவே சாப்பிட்டார்.

அடுத்த ஆண்டு மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. திருமணமான மகளுக்கும் பிறப்பிலேயே சம உரிமை உண்டு. கூடவே ஒரு விதிவிலக்கு: 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளை இந்தச் சட்டம் பாதிக்காது. மசோதா நாடாளுமன்றத்தில் அறிமுகமான நாள் அது. எங்கள் பத்திரம் அதற்கு ஒரு வாரம் முந்தியது. தற்செயல் என்று எடுத்துக்கொண்டேன். இதே தேதிகளோடு வேறொரு குடும்பத்தின் வழக்கு என் மேஜைக்கு வந்திருந்தால் அப்படி எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

சில ஆண்டுகளில் அப்பா வீட்டை விற்றுத் தன் மருத்துவத்துக்குச் செலவழித்தார், பிறகு இறந்தார். 2020இல் உச்ச நீதிமன்றம், 2005இல் தந்தை உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று தீர்ப்பளித்தது. தோழிகள் போன் செய்து வாழ்த்தினார்கள். டிசம்பர் 20 என்ற விதிவிலக்கு அப்படியேதான் இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது.

போன ஆண்டு ஒரு காலையில் தம்பி கூடுவாஞ்சேரிக்கு, என் வீட்டுக்கு வந்தான். நான் ஓய்வுபெற்றுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. டீ போட்டுக் கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை. பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்தான்.

"நெலத்துக்கு நல்ல ஆளு வந்துகீதுக்கா. நாவலூர்ல கம்ப்யூட்டர் வேல. ஆனா அவரு வக்கீலு பேஜாரு பண்றாரு. உனக்கு ஒண்ணும் பாத்தியத இல்லன்னு ஒரு விடுதலைப் பத்திரம். ஒரு கையெழுத்து, அவ்ளோதான்."

"பாத்தியத இல்லாதவகிட்ட எதுக்குடா கையெழுத்து?"

"அதத்தான் நானும் கேட்டேன். இப்ப கோர்ட்டு எல்லாம் பொண்ணுங்க பக்கம் பேசுதாமே. அந்த வக்கீலு பயப்படறான்."

பத்திரத்தைப் படித்தேன். 'எனக்குள்ள உரிமையை மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்து' என்று எழுதியிருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"அன்னிக்கு மார்கழிக்கு முன்னாடி முடிக்கணும்னு அவசரப்பட்டீங்களே, எதுக்குடா?"

"இப்ப எதுக்குக்கா அந்தப் பேச்சு?"

"இருபது வருஷம் ஆச்சு. சொன்னா இன்னா?"

அவன் மின்விசிறியைப் பார்த்தான். "மார்கழியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கும் பங்கு உண்டுன்னு சட்டம் கொண்டாரப் போறாங்கன்னு பேப்பர்ல வந்துச்சு. நைனாதான் கத்திரிச்சு எடுத்துகினு போயி வக்கீலாண்ட காமிச்சாரு. 'வர்றதுக்குள்ள பதிஞ்சுடு, பொண்ணையே சாட்சி போடச் சொல்லு, பின்னால தெரியாதுன்னு சொல்ல முடியாது'ன்னு வக்கீலு சொன்னாரு."

"எந்தப் பேப்பரு?"

"உன் பேப்பருதான். வூட்டுக்கு வேற பேப்பரு ஏது?"

அந்தச் செய்தி எனக்குத் தெரியும். உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் பத்து வரி. அந்த ஆண்டு நான் டெஸ்க்கில் இருந்தேன். டில்லியிலிருந்து ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழில் எழுதித் தலைப்புப் போட்டது நான். மொழிபெயர்ப்புச் செய்திகளில் பெயர் வராது. அப்பாவுக்கும் தெரிந்திருக்க வழியில்லை, தம்பிக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை.

"நைனா என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"நான் சொன்னேன்க்கா, அக்காவ ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு. 'அது வாயத் தொறந்து கேட்டா நான் குடுத்துடுவேன்டா, அது கேக்கறதுக்கு முன்னாடி முடிச்சுடு'ன்னாரு."

இதை அவன் அப்பாவின் பாசத்துக்கு ஆதாரமாகச் சொன்னான். அவன் குரலில் அது தெரிந்தது.

நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, சட்டத்தின் ஆறாம் பிரிவில் உள்ள விதிவிலக்கைத் தமிழில் எழுதினேன். கீழே எங்கள் பத்திரம் பதிவான நாளையும் எழுதினேன்.

"சட்டப்படி உனக்கு என் கையெழுத்து வேணாம்டா. இத அந்த வக்கீலாண்ட காமி. நீங்க பதிஞ்சது செல்லும்."

"அவன் ஒத்துக்கலியே!"

"எனக்கு உரிம இருந்து நானா விட்டுக்குடுத்தேன்னு இதுல கீது. அப்படி நடக்கல. நடக்காததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"பழி வாங்கறியாக்கா? பேப்பர்ல எழுதற மாதிரியே பேசறியே! அன்னிக்குப் போட்டியே ஒண்ணு, அதே மாதிரி இன்னொண்ணு."

"அது எதுக்குன்னு அன்னிக்கு எனக்குத் தெரியாது."

அவன் பத்திரத்தைப் பையில் வைத்தான். நான் எழுதிக் கொடுத்த தாளையும் எடுத்துக்கொண்டான். படியிறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அந்த வக்கீலே போன் செய்தார். இளம் குரல், மரியாதையாகப் பேசினார்.

"நீங்க எழுதியிருக்கிறது சரிதான் மேடம். செக் பண்ணிட்டேன். ஆனா நாளைக்கு நீங்க மனசு மாறி கேஸ் போட்டா என் கட்சிக்காரர்தானே அலையணும்?"

"போட மாட்டேன்."

"அதையே எழுத்துல குடுத்துடுங்களேன்."

அந்த நிலத்துக்கு ஏற்கெனவே ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இன்னொன்று முடியாது என்றேன்.