வெடிப்பை அடைத்த வீடு

கதவு திறக்கவில்லை. உள்ளே ஏழு மாதக் கர்ப்பிணியாக என் அக்கா. வெளியே ஐப்பசி மழையில் அத்தானும் நானும். முந்தின நாள்வரை ஒற்றைக் கையால் தள்ளினாலே திறந்த கதவு அது. தரை எழும்பி, கதவு நிலையையே நெட்டித் தூக்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவரில் ஒரு கீறல் அகன்றது.

பசுவந்தனைக்குப் பக்கத்தில், தன் கரிசல் காட்டின் ஓரத்தில் அத்தான் கட்டிய புது வீடு. சித்திரையில் வேலை தொடங்கியபோது நிலமெல்லாம் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. கரிசலை அள்ளிவிட்டுச் சரளை மண் நிரப்பவேண்டும் என்றார் கொத்தனார். நான்தான் அத்தானைத் தனியே கூப்பிட்டேன். அப்போது கல்லூரியில் நிலவியல் முதலாண்டு. காய்ந்தால் கரிசல் சுருங்கும் என்ற பக்கம்வரை படித்திருந்தேன், அவ்வளவுதான்.

"வெடிப்புல ஜல்லியையும் சிமெண்டுப் பாலையும் ஊத்தி அடைச்சிருங்க அத்தான். பெறகு மண்ணு எங்கன அசையும்?"

படித்த மச்சினன் சொல்லிவிட்டானே! அப்படியே செய்தார். நனைந்தால் அதே மண் உப்பும், உப்புவதற்கு அந்த வெடிப்புகள்தான் இடம் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. அடப்பாவி, அதையும் புரட்டியிருக்கக் கூடாதா நான்! பக்கவாட்டில் இடமில்லாத மண் வீட்டைத் தூக்கியது.

அத்தான் கடப்பாரையால் கதவைப் பிளந்து, உள்ளே புகுந்து அக்காவை வெளியே தள்ளினார். அவர் வெளியே வருவதற்குள் சுவர் சரிந்து வலது கால்மேல் விழுந்தது. அன்றிலிருந்து விந்தி விந்தித்தான் நடக்கிறார். 'என் புத்தி அப்படிப் போச்சு' என்று ஊரிடம் சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்று அதே பாடத்தைக் கல்லூரியில் நடத்துகிறேன், வெட்கமில்லாமல்.

போன வாரம் கோவில்பட்டியில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டம்மாவிடம் அக்கா வழக்கம்போல, "வெடிப்புக்குக் கல்லப் போட்ட மூளைக்காரருல்லா எங்க வீட்டு மனுசன்" என்று சிரித்தாள். என்னால் தாங்க முடியவில்லை. அந்தம்மா போனதும், அத்தான் எதிரிலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அக்கா திகைத்துப் போனாள். என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

"இத்தன வருசமா ஏசுதேன். ஒரு வார்த்த சொல்லலியே நீங்க?"

"சொன்னா உன் தம்பிய வீட்டுப்படி ஏத்துவியாட்டி?"

அக்கா எழுந்து உள்ளே போனாள். அன்று என்னைச் சாப்பிட்டுப் போகச் சொல்லவில்லை.